முதுகு காட்டாதே

அத்தியாயம் 6

"எங்க பாபாவை உள்ள தள்ளினது போலீஸ் இல்ல, தாயி. நான் எழுதின அறிக்கை" என்றாள் முக்தா ஷெவாளே.

புனேக்கு வெளியே, சாக்கன் முக்கில் ஒரு மிசல் கடை; மிசல் என்பது இந்தப் பக்கத்துக் காரமான பயறுக் குழம்பு. அவள் தட்டில் மிசல் ஆறி, மேலே மிதந்த எண்ணெய் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. வேறு நாளாக இருந்தால் அந்தத் தட்டு எப்போதோ என் பக்கம் நகர்ந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டு வாங்கும் அளவுக்கு நான் கெட்டவனில்லை.

எதிரே என் முதலாளி மந்தாகினி பாரஸ்னிஸ். காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்துத் தலை நரைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். புனேயில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அவர் 'தாயி', அதாவது அக்கா. நான் ஹஸ்முக் ஓஸ்வால். ரவிவார் பேட்டைத் துணிக்கடையில் பிறந்து, "இவன் வாய் கல்லாப்பெட்டிக்கு ஆகாது" என்று அப்பாவால் வெளியேற்றப்பட்டு, தாயியிடம் உதவியாளாக ஒதுங்கியவன்.

"முதல்லேர்ந்து சொல்லு. ஹஸ்முவுக்கும் புரியற மாதிரி" என்றார் தாயி.

"எனக்குப் புரிஞ்சா எருமைக்கும் புரியும்ங்கறாங்க" என்றேன். முக்தா சிரிக்கவில்லை.

அவள் சொன்னது இதுதான். அவள் வேலை செய்யும் கம்பெனி, தானாகப் பிரேக் போடும் பஸ்ஸைச் செய்கிறது. கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா. எதிரே மனிதன் தெரிந்தால் டிரைவரின் கால் அசைவதற்கு முன்பே பஸ் நின்றுவிடும். அந்தப் பஸ்ஸை அப்படியே கணிப்பொறிக்குள் ஒரு மாதிரியாகக் கட்டி, மழை, மேடு, தேய்ந்த டயர், வேகம் என்று எல்லா நிலையிலும் ஓடவிட்டு, எங்கும் தவறாது என்று நிரூபிப்பது முக்தாவின் வேலை. அவள் 'பாபா', அதாவது அப்பா, நிவ்ருத்தி, ஆயுள் முழுக்க அரசாங்க பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, மகள் சரிபார்த்த வண்டி என்ற பெருமையில் வெள்ளோட்டத்துக்கு ஸ்டியரிங் பிடித்தார். கார்த்திகை ஏகாதசிக்காக ஆளந்திக் கோயிலுக்குப் பாதயாத்திரையாக நடந்துகொண்டிருந்த ஒரு விட்டல பக்தர், ஒரு வாரிக்காரர் மேல் அந்தப் பஸ் ஏறியது. அவர் அங்கேயே போய்விட்டார்.

"டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல ஒரு சுவிட்ச் இருக்கு, தாயி. அதை அணைச்சா பஸ் தானா பிரேக் போடாது. என் அறிக்கைப்படி சுவிட்ச் போட்டிருந்தா பஸ் நின்னே ஆகணும். நிக்கல. அப்ப பாபாதான் அணைச்சிருக்கணும். கம்பெனி வக்கீல் இதைத்தான் போலீஸ்ல எழுதிக் கொடுத்தார்."

"பஸ்ஸுக்குள்ள பதிவு இருக்குமே?"

"பிரேக் சிக்னல் வரலைன்னு மட்டும்தான் பதிவாகியிருக்கு. சுவிட்சை அணைச்சாலும் அப்படித்தான் காட்டும்."

"பாபாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். என்னையே பார்த்துட்டு, 'உன் அறிக்கை என்ன சொல்லுது'ன்னார். அதுக்கப்புறம் வாயே திறக்கல." முக்தா தண்ணீர்க் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. "கழுத்துல துளசி மாலை போட்டவர். வருஷா வருஷம் பண்டரிபுரத்துக்கு நடக்கறவர். வாரிக்காரரைக் கொன்ன கை வெளிய வந்து என்ன பண்ணப்போகுதுன்னு ஜாமீனே வேணாம்னுட்டார். இன்னிக்கு மத்தியானம் ராஜ்குருநகர் கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கப் போறார். ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. சக்கரை நோய்க்காரர், ஜெயில்ல ஒரு மழைக்காலம் தாங்க மாட்டார்."

"அறிக்கையில தப்பு இருக்கா?"

"மறுபடி மறுபடி பார்த்துட்டேன். கணக்கு சரி. கணக்கு சரின்னா பாபா செஞ்சிருக்கார். பாபா செய்யலைன்னா கணக்கு தப்பு. ரெண்டு பேரையுமே நான் சந்தேகப்பட்டதில்ல, தாயி. இன்னிக்கு யாராவது ஒருத்தரை விட்டுக்கொடுத்தாகணும்."

தாயி எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "நீ முன்னாடி போ. அங்க எங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. நாங்க பஸ் வாங்க வர்றோம்."

"ஸ்கூட்டருக்கே தவணை கட்டறோம், தாயி" என்றேன்.

"அதனாலதான் உன்னைப் பேசவிடப்போறேன்."

கம்பெனி வாசலில் இன்னொரு ஆள் எங்களோடு சேர்ந்துகொண்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பை, தொப்பைக்குப் பொருந்தாத நிமிர்ந்த முதுகு. "என் மைத்துனர். சர்க்கரை ஆலைச் சேர்மன்" என்றார் தாயி. அவருக்கு மைத்துனர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கேள்வி கேட்டால் தாயி செருப்பைப் பார்ப்பார் என்பது மட்டும் முன்பே தெரியும்.

காவல் அறையில் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒளிரும் பட்டை போட்ட ஆரஞ்சு மேல்கோட்டு ஆளுக்கொன்று மாட்டிவிட்டார்கள். சேர்மனுடைய கோட்டின் பொத்தான் பாதியிலேயே மனம் மாறி நின்றது. பிறகு காவலாளி சுவரில் இருந்த பலகையைக் காட்டி ஒப்பித்தார்.

"கோட்டைக் கழட்டக் கூடாது. தரையில கிழிச்ச மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓடற வண்டிக்கு முதுகு காட்டக் கூடாது. வண்டியைப் பார்த்தபடிதான் நடக்கணும், நிக்கணும். மீறினா வெளிய அனுப்பிடுவாங்க."

"எங்க கடையிலயும் இதே விதிதான். வந்தவனுக்கு முதுகு காட்டினா யாவாரம் போச்சு" என்றேன்.

"இங்க உயிர் போகும், சேட்" என்றார் காவலாளி.

சோதனை மைதானம் பெரிய கல்யாண மண்டபத்தின் வெளிமுற்றம்போல் பளபளவென்று இருந்தது. சோதனைப் பிரிவுத் தலைவர் கோல்ஹட்கர் கை குலுக்கினார். புன்னகை இஸ்திரி போட்டது. முக்தா கையில் ஒரு பலகைக் கணினியோடு ஓரமாக நின்றாள்.

"எங்க மூத்த இன்ஜினியர். மிஸ் ஷெவாளே." அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில், ஆனால் எங்களுக்கும் கேட்கும்படி, "இன்னிக்காவது லீவு போட்டிருக்கலாம், முக்தா. யாரும் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

"அறிக்கை என்னோடது, சார். நான் இருக்கறேன்" என்றாள்.

பாதையின் குறுக்கே தண்டவாளம்போல் ஒரு கம்பி. அதன்மேல் ஒரு பொம்மை மனிதன், ஆரஞ்சு மேல்கோட்டோடு. தொழிலாளிகள் அதற்கு வைத்திருந்த பெயர் 'மாப்பிள்ளை'. எவ்வளவு செலவு வைத்தாலும் ஒரு கீறல் விழக் கூடாதாம்.

"மைத்துனருக்கு முழங்கால் வலி, நிக்க முடியாது. பஸ்ஸுக்குள்ள, டிரைவர் பக்கத்துல உக்காரட்டும்" என்றார் தாயி. சேர்மன் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த கணத்தில் ஒரு தொழிலாளி அவருக்குத் தேநீர் கொண்டுவந்து நீட்ட, அவர் நிமிராமல் வாங்கிக்கொண்டார்.

எனக்கு உறுத்தியது. வந்ததிலிருந்து இந்த மனிதர் விலையே கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட முதலில் விலை கேட்டு, பிறகு முகத்தைச் சுளிப்பான். விலை கேட்காதவன் வாங்க வந்தவன் இல்லை. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. சூரியன் தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. மாப்பிள்ளை பாதையில் நழுவி நின்றார். பஸ், மூக்குக்கும் மூக்குக்கும் ஒரு முழம் இருக்கும்போது, கும்பிடுவதுபோல் குனிந்து நின்றது.

"எத்தனை தடவை வேணா பாருங்க. ஆயிரக்கணக்கான ஓட்டம். நூத்துக்கு நூறு" என்றார் கோல்ஹட்கர்.

தாயி முக்தா பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதானே சரிபார்த்தே. என்னத்தைச் சரிபார்த்தே?"

"மனுஷன் தெரிஞ்சா பிரேக் விழும். எந்த நிலையிலயும். அதைக் கணக்கா நிரூபிச்சிருக்கேன், மேடம்."

"மனுஷன் தெரியலைன்னா?"

முக்தாவின் விரல் கணினியின் விளிம்பில் நின்றது. "தெரியறது கேமரா குழுவோட பொறுப்பு. அவங்க தனியா சோதிச்சு நூறு மார்க் கொடுத்தாங்க. அதை நான் அப்படியே எடுத்துக்கிட்டேன்."

"அதாவது, விருந்தாளி வந்தா கதவு திறக்கும்னு நீ நிரூபிச்சே. வந்தவன் விருந்தாளிதான்னு வாட்ச்மேனுக்குத் தெரியுமான்னு கேட்கல" என்றேன் நான். கேலியாகத்தான் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"கேமரா மனுஷனை எங்க பார்த்துப் பழகுச்சு?" என்றார் தாயி.

"இதே மைதானத்துலதான். நம்ம ஆளுங்களே குறுக்க நடந்து படம் எடுத்தோம். சோதிச்சதும் அதே மாதிரி படத்தை வச்சுத்தான்."

நான் குனிந்து என் ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்தேன். தாயி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே பொறி. இந்த மைதானத்தில் கோட்டு இல்லாத மனிதனே கிடையாது. பஸ் கற்றுக்கொண்டது மனிதனையா, கோட்டையா? ஆளந்திச் சாலையில் செத்தவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

"மாப்பிள்ளையோட கோட்டைக் கழட்டுங்க" என்றேன். "எங்க ஊர்ல இவ்வளவு பளபளப்பா யாரும் நடக்கறதில்ல."

கோல்ஹட்கர் சிரித்துக்கொண்டே கழற்றச் சொன்னார். முக்தா கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் வந்தது.

நின்றது. அதே ஒரு முழம். அதே கும்பிடு.

முக்தா கண்ணைத் திறக்கவில்லை. சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ் நின்றால் அப்பா குற்றவாளி. பிரேக் நன்றாக வேலை செய்வதைக் கேட்டு ஒரு இன்ஜினியர் அழுததை அன்றுதான் பார்த்தேன். சத்தமே இல்லாமல், கணினித் திரைமேல் இரண்டு சொட்டு. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "வேற ஏதாவது பார்க்கணுமா, மேடம்?" என்றாள்.

"சாப்பிடப் போகலாமா? விலையை அங்க பேசலாம்" என்றார் கோல்ஹட்கர்.

தாயி மைதானத்தில் இருந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் எண்ணெய் டப்பாவோடு பக்கவாட்டில் நண்டுபோல் நகர்ந்தான். இன்னொருவன் பெருக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்தான். எல்லா முகமும் பஸ்ஸையே பார்த்திருந்தன, கோயிலை விட்டு வெளியே வரும் பக்தர்கள்போல.

"ஹஸ்மு, உங்க கடையில துணி வாங்க வர்றவங்க முதல்ல என்ன செய்வாங்க?"

"தெரியாதவங்க விலை கேப்பாங்க. தெரிஞ்சவங்க துணியைத் திருப்பி…" என் வாய் பாதியில் நின்றது. என் வாய்க்கு அது பழக்கமில்லை.

முன்பக்கம் எல்லாத் துணியும் அழகு. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சாத்திரம்: புரட்டிப் பார், பின்பக்கத்தில்தான் நெசவு உண்மை பேசும்.

"மாப்பிள்ளையைத் திருப்பி நிறுத்துங்க. முதுகு பஸ் பக்கம்" என்றேன்.

கோல்ஹட்கரின் இஸ்திரி முதல்முறையாகக் கசங்கியது. "அது விதிக்கு விரோதம். மைதானத்துல யாரும் முதுகு காட்டக் கூடாது."

"பொம்மைக்குமா?"

"எல்லாருக்கும். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

முக்தா தலை நிமிர்ந்தாள். அந்த 'ஆரம்பத்துலேர்ந்தே' அவளுக்குள் எங்கோ போய் இடித்தது. "படம் எடுத்தப்பவும் அப்படித்தான்" என்றாள், தனக்குத் தானே சொல்வதுபோல். "ஒருத்தர்கூட… ஒரு படத்துலகூட…"

"மிஸ் ஷெவாளே, போதும்" என்றார் கோல்ஹட்கர்.

பேரத்தில் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. குரலை உயர்த்துவது இல்லை, செருப்பைத் தேடுவது. நான் கோட்டைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தேன். "வாங்க தாயி, போகலாம். பின்பக்கம் காட்டாத கடையில எங்க தாத்தா கைக்குட்டைகூட வாங்கினதில்ல. சேர்மன் சாரைக் கூப்பிடுங்க. நாசிக்ல வேற கம்பெனி இருக்கு."

நான்கு எட்டு வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் விலை ஏறிவிடும். ஐந்தாவதில் கோல்ஹட்கர் கூப்பிட்டார்.

"ஒரு தடவை. ஒரே தடவை."

மாப்பிள்ளையைத் திருப்பி நிறுத்தினார்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது அவரும் ஏதோ ஊருக்கு நடந்து போகிறவர் மாதிரிதான் இருந்தார். "சுவிட்ச் போட்டிருக்கா?" என்று தாயி பஸ்ஸுக்குள் குரல் கொடுத்தார். "பச்சை விளக்கு எரியுது" என்றார் சேர்மன், அவ்வளவு நேரத்தில் முதல்முறையாக வாய் திறந்து.

பஸ் வந்தது.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. குனியவில்லை, தயங்கவில்லை, பாதையில் ஒன்றுமே இல்லாததுபோல் வந்தது. ஓங்கி அறைந்ததுபோல் ஒரு சத்தம். மாப்பிள்ளையின் தலை உருண்டு வந்து மஞ்சள் கோட்டில் நின்றது. அதற்குப் பிறகுதான் டிரைவர் தானே பிரேக்கை மிதித்தார்.

முக்தா மண்டியிட்டு அந்தப் பொம்மைத் தலையைக் கையில் எடுத்தாள். "ஆளந்திக்கு நடக்கறவங்க எல்லாரும் ஒரே திசையிலதான் போவாங்க" என்றாள். "பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு அத்தனை பேரும் முதுகு."

உயிரைக் காக்கப் போட்ட விதி, பஸ்ஸின் கண்ணைக் குத்தியிருந்தது. முகம் இருந்தால் மனிதன். முதுகு என்று ஒன்று மனிதனுக்கு உண்டு என்பதே அதற்குத் தெரியாது.

கோல்ஹட்கர்தான் முதலில் சுதாரித்தார். வியாபாரி, நஷ்டத்தைப் பார்த்ததும் அழுவதற்கு முன் கடையை மூடத் தெரிந்தவர். "இன்னிக்கு இங்க எதுவும் நடக்கல" என்றார். "கைபேசி உங்ககிட்ட இல்ல, படம் எதுவும் இல்ல. இது தனியார் இடம். முக்தா, நீ எழுதின அறிக்கையில உன் கையெழுத்து இருக்கு. அது தப்புன்னு நீயே சொன்னா உனக்கு இந்த ஊர்ல மட்டுமில்ல, எந்த ஊர்லயும் வேலை கிடையாது. சொன்னாலும் யாரு நம்புவா? அப்பாவைக் காப்பாத்த பொண்ணு சொல்ற கதைம்பாங்க. யோசிச்சுக்கோ."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் தாயியைப் பார்த்தேன். தாயி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் சேர்மன் இறங்கினார். முழங்கால் வலியைக் காணோம்.

"பொண்ணு சொல்லவேணாம்" என்றார். "நான் சொல்றேன். விளக்கு பச்சையா எரிஞ்சதை என் கண்ணால பார்த்துட்டு உக்காந்திருந்தேன்."

"நீங்க பஸ் வாங்க வந்தவர், சார். உங்களுக்கு இதுல என்ன?"

"தாகடே. இந்த வழக்கோட விசாரணை அதிகாரி." பாதிப் பொத்தான் போட்ட ஆரஞ்சுக் கோட்டுக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "நீங்க போலீஸ் பக்கம் வக்கீலை மட்டும்தான் அனுப்பினீங்க. வந்திருந்தா என் முகம் தெரிஞ்சிருக்கும். நிவ்ருத்தி ஷெவாளேவுக்கு விலங்கு மாட்டினவன் நான்தான். மாட்டும்போது அந்தாள் கையை நீட்டின விதம் எனக்குப் பிடிக்கல. குத்தம் செஞ்சவன் அப்படி நீட்டமாட்டான். பஸ்ஸை அப்படியே விடுங்க, யாரும் தொடக் கூடாது."

விலை கேட்காத சேர்மன். தேநீர் தானாக வருவது பழகிப்போன கை. என் மூக்குச் சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது, வாய்தான் வழக்கம்போல் அவசரமில்லாத விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தது.

"மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம், தாகடே. கோர்ட்டு" என்றார் தாயி.

நாசிக் சாலை அன்றைக்கென்று லாரிகளால் அடைத்துக் கிடந்தது. தாகடே போனில் அரசு வக்கீலைத் தேடினார். கோர்ட்டுக்குள் இருந்த வக்கீல் தன் போனை அணைத்து வைத்திருந்தார். முக்தா பின்சீட்டில், மடியில் பொம்மைத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அதை ஏன் எடுத்து வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒரு வேடிக்கைச் சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

நாங்கள் ஓடி உள்ளே நுழைந்தபோது நிவ்ருத்தி ஷெவாளே கூண்டில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த மனிதர், நெற்றியில் சந்தனக் கீற்று, கழுத்தில் துளசி மணி. நீதிபதி அம்மாள் குற்றச்சாட்டைப் படித்து முடித்திருந்தார். நிவ்ருத்தியின் உதடு பிரிந்தது.

"பாபா, வேணாம்" என்றாள் முக்தா, வாசலிலிருந்தே.

சேவகன் அதட்டினான். தாகடே முன்னால் போய், அரசு வக்கீலின் காதில் பேசி, பிறகு நீதிபதியிடம் மேல்விசாரணைக்கு அவகாசம் கேட்டார். காரணம் என்ன என்று கேட்டார் நீதிபதி. தாகடே முக்தாவைத் திரும்பிப் பார்த்தார். சொல்லவேண்டியது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

அவள் நடுவில் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "என் அறிக்கை தப்பு, பாபா. சுவிட்ச் போட்டிருந்தாலும் அந்தப் பஸ் நிக்காது. முதுகைக் காட்டினா அதுக்குக் கண் தெரியாது. இப்ப பார்த்துட்டு வர்றேன். எழுத்துல கொடுக்கறேன்."

கிழவர் மகளையே பார்த்தார். அத்தனை நாளாக அவர் வாயை அடைத்திருந்தது பக்தி மட்டும் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவர் உண்மையைச் சொன்னால் மகளின் கையெழுத்து பொய்யாகிவிடும். அதற்குச் சிறையே மேல் என்று நின்றிருக்கிறார்.

"நீங்க சொல்லுங்க" என்றார் நீதிபதி. "அந்தச் சுவிட்சை அணைச்சீங்களா, இல்லையா?"

"இல்லம்மா. எம் பொண்ணு பார்த்துச் செஞ்ச வண்டி, நான் எதுக்கு அதைத் தொடறேன்?" குரல் தெளிவாகத்தான் இருந்தது. "அந்த மாவுலியை நான் தூரத்துலேயே பார்த்தேன்." வாரிக்காரர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல் அது, தாயே என்று பொருள். "தோள்ல கொடி, முதுகுல மூட்டை. என் கால் பிரேக்குக்குப் போச்சு. அப்புறம் நானே இழுத்துக்கிட்டேன். பஸ் உன்னைவிட நல்லா பார்க்கும் பாபான்னு பொண்ணு சொல்லியிருக்கு, அது பார்த்துக்கும்னு உக்காந்திருந்தேன்."

அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சிருந்தேன்னா அந்த மாவுலி இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார்ம்மா."